ஒரு விரல் உயரம்

கதவுக்கடியில் ஒரு கோடு வெளிச்சம், அந்தக் கோட்டை இரண்டு இடத்தில் மறைத்துக்கொண்டு இரண்டு நிழல், அவருடைய பாதங்கள், நான் சமையலறை வாசலில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், நிழல் இடப்பக்கம் போனால் ஜன்னலுக்குப் போகிறார், வலப்பக்கம் போனால் குளியலறைக்கு, இரண்டும் கோட்டின் நடுவே அசையாமல் நின்றால் கதவுக்கு அந்தப்புறம் வந்து நின்று நான் என்ன செய்கிறேன் என்று காது கொடுத்துக்கொண்டிருக்கிறார், கேளுங்க, நல்லாக் கேளுங்க, பாசிப்பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருக்கிறேன், இதுக்கு மேல இந்த வீட்டில் கேட்க என்ன இருக்கு என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன், கொஞ்ச நேரத்தில் நிழல் விலகும், கோடு முழுசாகும், நான் எழுந்து சாப்பாட்டுத் தட்டைக் கதவோரம் ஸ்டூலில் வைத்துவிட்டு, என்னங்க, வச்சிருக்கேன், என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விடுவேன், என் முகத்தைப் பார்க்காமல் வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான், மாடியில் எனக்கு என்ன வேலை, காய்ந்த துணியையே உதறி உதறித் திரும்பக் காயப்போடுவேன், பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிட்டு, என்னக்கா, நேத்துப் போட்ட சேலையவே இன்னைக்கும் போடுதீக, என்பாள், அது இன்னும் காயலைம்மா என்பேன், கோவில்பட்டி வெயிலில் காயாத சேலை, அவளும் நல்ல பிள்ளை, மேற்கொண்டு கேட்கமாட்டாள்.

அந்தக் குரல் இப்போது இருந்தால் இந்தக் கதவென்ன, தெருமுனைக் கடைவரைக்கும் கேட்கும், கோவில்பட்டி சங்கரன்கோவில் பஸ்ஸில் கண்டக்டர் அவர், படிக்கட்டில் தொங்குகிற கூட்டத்தையும் ஆட்டுக்குட்டியோடு ஏறுகிற கிழவனையும் டிரைவர் போட்டுவிடுகிற பாட்டையும் எல்லாம் தாண்டி, உள்ள போ உள்ள போ, நடுவுல எடம் கெடக்கு, ஏன் வாசல்லயே குடும்பம் நடத்துதீக, என்று ஒரு குரல் வரும், வைகிற மாதிரி இருக்கும், ஒருத்தருக்கும் கோபம் வராது, சிரித்துக்கொண்டே நகர்வார்கள், நான் அப்போது கழுகுமலையிலிருந்து தையல் வகுப்புக்கு வந்து போகிற பெண், ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்துகொண்டு அந்தக் குரல் பின்னாலிருந்து சீட்டு சீட்டாக முன்னால் வருவதைக் கேட்டுக்கொண்டே இருப்பேன், வந்துவிட்டது, பக்கத்தில் வந்துவிட்டது, காசை நீட்டுகிறேன், இந்தா, என்று டிக்கெட்டைக் கிழித்துக் கொடுக்கிறார், அதுதான் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு, அப்புறம் எங்கள் வீட்டுக்கே பெண் பார்க்க வந்தபோது நான் அடுக்களையில் நின்று, குரலைக் கேட்டுவிட்டு, இது நம்ம பஸ்காரரு குரல்தானே, என்று அம்மாவிடம் சொல்லி அம்மா என் வாயைப் பொத்தினாள், கல்யாணம் முடிந்து பந்தியில் தன் இலையிலிருந்த ஜாங்கிரியை என் இலைக்குத் தள்ளி, இந்தா, என்றார், அதோடு சரி, அன்றிலிருந்து எனக்கு இந்தாதான் பெயர், இந்தா தண்ணி கொண்டா, இந்தா பஸ்ஸுக்கு நேரமாச்சு, இந்தா பிள்ளை அழுது பாரு, என் சொந்தப் பெயரை அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை, நானும் அவர் பெயரைச் சொன்னதில்லை, கணக்குச் சரியாகிப் போயிற்று, டிக்கெட்டை நீட்டுகிற மாதிரி அந்தச் சொல் வரும், அதைக் கேட்டால் கை தானாக நீளும்.

தொண்டையில் ஒரு கட்டி, திருநெல்வேலியில் போய் அறுத்தார்கள், குரல்நாண் ஒரு பக்கத்தை எடுத்துட்டோம், உயிருக்கு இனி ஒண்ணுமில்லை, பேச்சு வரும், பழைய குரல் மட்டும் எதிர்பார்க்காதீங்க, என்றார் டாக்டர், என்னைத் தனியாகக் கூப்பிட்டு, விடாமப் பேசச் சொல்லுங்கம்மா, பேசப் பேசத்தான் மிச்சமிருக்கிறது பழகும், பேசாமலே இருந்தா இருக்கிறதும் போயிரும், என்றார், நான் தலையாட்டினேன், இவரைப் பேசச் சொல்லவா வேணும், வாயை மூடத்தான் சொல்லணும் என்று நினைத்தேன், பாருங்கள் என் நினைப்பை, வீட்டுக்கு வந்து புண் ஆறி முதன்முதலாக வெளியே கிளம்பினார், தான் ஓடின அதே ரூட்டில், கழுகுமலைக்கு, கோயிலுக்குப் போய்ட்டு வாரேன் என்று கையால் சொல்லிவிட்டு, பஸ்ஸில் ஒரு சின்ன வயசுக் கண்டக்டர் எங்க போகணும் என்று கேட்டிருக்கிறான், இவர் கழுகுமலை என்று சொல்லியிருக்கிறார், வந்தது வெறும் காற்று, மறுபடியும் சொல்லியிருக்கிறார், அதுவும் காற்றோடு ஒரு கரகரப்பு, அவன் பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி, யோவ் பெருசு, விடியுமுன்ன ஊத்திட்டு வந்துட்டியா, என்றானாம், பஸ்ஸே சிரித்ததாம், அவர் சிரிக்க வைத்த பஸ், அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வெயிலில் நடந்தே வந்தார், இதெல்லாம் அதே பஸ்ஸில் வந்த பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் எனக்குத் தெரியும், அவர் சொல்லவில்லை, உள்ளே போனார், ஆவுடைக்குப் படிக்கவென்று கட்டின அந்தச் சின்ன அறைக்குள், கதவைச் சாத்தினார், அன்று சாத்தியதுதான், ஆவுடைச்செல்வி எங்கள் ஒரே மகள், மதுரையில் வாக்கப்பட்டு இருக்கிறாள், அவள் போன் பண்ணினாலும் எடுக்கமாட்டார், நான் கதவைப் பார்த்துப் பேசுவேன், அவர் உள்ளிருந்து தட்டுவார், கண்டக்டர் விசில் கணக்குத்தான், ஒரு தட்டு என்றால் நிறுத்து, வேண்டாம், இரண்டு தட்டு என்றால் ரைட், போகலாம், காப்பி போடவா, டொக் டொக், டாக்டர்கிட்டப் போவமா, டொக், ஒரு வார்த்தை பேசுங்களேன், உங்களுக்குப் புண்ணியமாப் போகும், என்று அழுதுகொண்டே நான் கேட்ட அன்றைக்கும் டொக், ஒரே தட்டு, எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, யாரோ ஒரு தறுதலை சொன்னதுக்கு நான் என்னய்யா பாவம் பண்ணினேன் என்று கத்தினேன், அதற்குத் தட்டே வரவில்லை, நிழல் மட்டும் கோட்டின் நடுவே நெடுநேரம் நின்றது.

ஆவுடைக்கு ஏழாம் மாசம், வளைகாப்பு முடிந்து இங்கேதான் பேறுகாலத்துக்கு வரப்போகிறாள், எம்மா, அந்த ஹால் தரையில நான் நடக்க மாட்டேன், போன தடவையே வழுக்கி விடப் பாத்துச்சு, என்று போனிலேயே சொல்லிவிட்டாள், அவள் சொல்வதிலும் தப்பில்லை, அந்த டைல்ஸ் போட்டு எத்தனையோ வருஷம், வழவழவென்று தேய்ந்து, சில இடத்தில் உப்பிக்கொண்டு, சில இடத்தில் விண்டு, பெருக்கும்போது விளக்குமாறு சிக்கும், மருமகன் போன் பண்ணிச் சொல்லி மிக்கேல் கொத்தனார் வந்தார், ஒரு கம்பைக் கையில் வைத்துக்கொண்டு டைல்ஸ் டைல்ஸாகத் தட்டிக்கொண்டே போனார், டக் டக் என்றால் ஒட்டிக்கொண்டிருக்கிறது, டொக் என்றால் உள்ளே பொள்ளலாம், பிடிப்பில்லாமல் வெறும் காற்றாம், அவர் தட்டத் தட்ட உள்ளே இருக்கிறவர் என்ன நினைப்பாரோ என்று எனக்குச் சிரிப்பும் வந்தது பயமும் வந்தது, நிறுத்து, போகலாம், நிறுத்து, நிறுத்து, போகலாம் என்று வீடு முழுக்க விசில், பேத்து எடுத்துட்டுப் போட்டுருவமா அக்கா, என்றார், எவ்வளவு தூசி வரும் என்றேன், வீட்டையே பனி மூடின மாதிரி வரும், அண்ணாச்சி இருக்காகளோ, தொண்டை ஆபரேஷன்னு சொன்னாக, அப்ப பேக்க வேண்டாம், தூசி அவுகளுக்கு ஆகாது, பொள்ளலா இருக்கிறத மட்டும் எடுத்துட்டு, மிச்சத்த லேசாக் கொத்திவிட்டு, மேலயே பசை போட்டு ஒட்டிருவோம், தரை ஒரு விரல் உசரும், அவ்வளவுதான், சமையக்கட்ட அப்படியே விட்டுருவோம், அங்க மட்டும் ஒரு சின்னப் படி மாதிரி நிக்கும், என்றார், நான் கதவருகில் போய், என்னங்க, பழைய தரைக்கு மேலயே புதுசு போடுறாகளாம், சொரசொரப்பா, வழுக்காததா, நீங்க ரெண்டு நாளைக்கு உங்க தங்கச்சி வீட்டுக்குப் போய் இருந்துட்டு வாரீகளா, என்று கேட்டேன், டொக், சரி, இங்கயே இருங்க, தரை போட்டுக்கலாமா, டொக் டொக், ரைட் சொல்லிவிட்டார், எனக்கு அந்த இரண்டு தட்டே பெரிய சந்தோஷமாக இருந்தது.

அன்று மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால், மிக்கேல் வாசல் பக்கம் தொடங்கி வரிசை வரிசையாக வந்து, அவர் அறைக் கதவோரம் நறுக்கின துண்டுகளையும் வைத்து, ரப்பர் சுத்தியலால் பொத்து பொத்தென்று தட்டி, ரசமட்டத்தை வைத்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, சமையலறை வழியாகப் பின்வாசலுக்குப் போய்க் கையைக் கழுவினார், நாளைக் காலை வரைக்கும் ஒருத்தரும் மிதிக்கக் கூடாது பாத்துக்கோங்க, டைல்ஸ் நழுவிரும், என்று சொல்லிவிட்டுப் போனார், நான் சமையலறை வாசலில் உட்கார்ந்து தரையைப் பார்க்கிறேன், சாம்பலும் சந்தனமும் கலந்த நிறம், ஈரமாக, மழை பெய்து ஓய்ந்த ரோடு மாதிரி, வீடு வேறு வீடாகிவிட்டது, ஆவுடை இதில் வயிற்றைத் தூக்கிக்கொண்டு நடப்பாள், பிள்ளை பிறந்து இதில் தவழும், என்று நான் பாட்டுக்கு நினைத்துக்கொண்டே போய் வழக்கமாகப் பார்க்கிற இடத்தைப் பார்க்கிறேன், கோடு இல்லை, விளக்கை அணைத்துவிட்டாரோ, பட்டப்பகலில் என்ன விளக்கு, அது ஜன்னல் வெளிச்சமல்லவா, நிழலும் இல்லை, கோடும் இல்லை, கதவுக்கடியில் புது டைல்ஸின் விளிம்பு அப்படியே அடைத்துக்கொண்டு நிற்கிறது, அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது, அட கிறுக்குச் சிறுக்கி, அது வெளியே திறக்கிற கதவு, ஊரில் எல்லா வீட்டுக் கதவும் உள்ளே திறக்கும், அந்த அறை சின்னது, கட்டில் போட்டதும் கதவு கட்டிலில் இடிக்கிறது என்று, பஸ் கதவு எந்தப் பக்கம் தெறக்குது, அப்படி வச்சா எடம் மிச்சம், என்று சொல்லி ஆசாரியை வைத்து வெளிப்பக்கமாக மாற்றியது அவர்தான், மிக்கேலுக்கு எப்படித் தெரியும், மிக்கேல் இருக்கிற நேரத்தில் அது திறந்ததே இல்லை, எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா என்றால், அந்தக் கதவு திறக்கிற நேரமெல்லாம் நான் மாடியில் சேலையை உதறிக்கொண்டிருந்தேன், அது எந்தப் பக்கம் திறக்கிறது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது, கட்டின புருஷனை நானே காசு கொடுத்து உள்ளே வைத்துப் பூசிவிட்டேன்.

என்னங்க, என்று கூப்பிட்டேன், சத்தமில்லை, என்னங்க, கதவு தெறக்காது, தெரியுமா, பயப்படாதீக, மிக்கேலக் கூப்பிடுறேன், என்றேன், தட்டு வரவில்லை, தூங்குகிறாரா, குளிக்கிறாரா, இல்லை காலையில் போட்ட மாத்திரை ஏதும், கோடு இருந்தால் தெரியும், நிழல் நடக்கிறதா உட்கார்ந்திருக்கிறதா என்று அதை வைத்துத்தான் இத்தனை மாசமும் நான் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தேன், இப்போது அதையும் அடைத்தாயிற்று, மிதிக்கக் கூடாது என்று மிக்கேல் சொன்னது காதில் இருக்கிறது, கால் கேட்கவில்லை, ஒரு எட்டு வைத்தேன், நின்றது, இன்னொரு எட்டு, கதவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டேன், கையை நீட்டுகிறேன், காலடியில் டைல்ஸ் வெண்ணெய் மாதிரி நழுவுகிறது, பசைக்கு மேல் அது போகிற போக்கில் நானும் போகிறேன், தடால், விலா அடிபட்டு மூச்சு நின்றுபோய் வாய் மட்டும் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை, சமையலறை வாசலில் ஒதுக்கியிருந்த ஸ்டூல் கால் பட்டு உருண்டு சுவரில் மோதுகிற சத்தம் எங்கோ கேட்கிறது, மேலே மின்விசிறி சுற்றுகிறது, பஸ் மலையைச் சுற்றித் திரும்புகிறது, ஜன்னலோரம் வெயில், பின்னாலிருந்து ஒரு குரல் வரவேண்டுமே, இன்னும் வரவில்லையே, டொக், கதவில் ஒரு தட்டு, டொக், டொக், டொக், கணக்கில்லாமல் தட்டு, அப்புறம் உள்ளங்கையால் அடி, அப்புறம் தோளால் இடி, கதவு அதிர்கிறது, திறக்கவில்லை, மறுபடி இடி, அப்புறம் ஒரு அமைதி, அந்த அமைதிக்குள் ஏதோ ஒன்று கிளம்புகிறது, எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால் நாள்கணக்கில் வறண்ட குழாய்க்குள் காற்று புஸ்புஸ்ஸென்று முட்டிக்கொண்டு வருமே, அந்த மாதிரி, கரகரத்து, அடைத்து, திரும்பவும் கரகரத்து, இந்தா.

இந்தா, என்றது. எனக்கு மூச்சு வந்துவிட்டது, கையைக் காலை அசைத்துப் பார்த்தேன், முழங்கையில் தோல் உரிந்ததைத் தவிர ஒன்றுமில்லை, பதில் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை, கள்ளி, இன்னொரு தடவை வரட்டுமே என்று பேசாமல் கிடந்தேன், இந்தா, என்று மறுபடி வந்தது, ஏய், இந்தா, விழுந்துட்டியா, என்னாச்சு, வாயத் தொறந்து சொல்லேன், பாருங்கள் யார் யாரைச் சொல்கிறார் என்று, எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது, கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் வழிகிறது, அந்தக் குரல் பழைய குரல் இல்லை, கிழிந்த குரல், பாதி காற்று, ஆனால் அது நகர்கிற விதம் அதே விதம், அதட்டுகிற மாதிரி வந்து கடைசியில் குழைகிறது, எனக்குத் தெரியாதா, ஜன்னலோரம் உட்கார்ந்து எத்தனை நாள் கேட்ட குரல், அது சீட்டு சீட்டாக வந்து பக்கத்தில் நின்றுவிட்டது, ஏட்டி, சத்தங்குடுட்டி, என்று அது உடைந்தபோதுதான், அடப்பாவி மனுஷன் பயந்துவிட்டார் என்று எனக்கு உறைத்தது, வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன், கையை மடக்கி நழுவாத ஒரு டைல்ஸில் தட்டினேன், டொக் டொக். ரைட். உள்ளே அப்படியே கதவோடு சரிந்து உட்கார்கிற சத்தம் கேட்டது, நான் இந்தப்புறம் கிடக்கிறேன், அவர் அந்தப்புறம் உட்கார்ந்திருக்கிறார், நடுவில் ஒரு பலகை, மெதுவாக, பேசுகிறவருக்கே நம்பிக்கையில்லாத மாதிரி, கேக்குதா நான் பேசுறது, என்றார், கேக்குது, நல்லாவே கேக்குது, என்றேன், நல்லாயில்லைல்ல, என்றார், எனக்குக் கோபம் வந்துவிட்டது, நல்லாயில்லாம என்ன, நீங்க என்ன கச்சேரியா பண்ணப் போறீக, என்றேன், அதற்கு உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது, கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது சிரிப்பு என்று தெரிந்தது.

நான் போன் பண்ணினதும் மிக்கேல் ஓடி வந்தார், பின்வாசலில் நின்றே தலையில் அடித்துக்கொண்டார், ஐயையோ அக்கா, கீலு வெளிப்பக்கம் இருக்கே, அதக்கூடப் பாக்காம வந்துட்டேனே, என்று பலகைகளைப் போட்டு, அதன்மேல் நடந்து போய், கீலின் ஆணிகளைத் தட்டி எடுத்து, கதவை மேலாகச் சரித்துத் தூக்கிச் சுவரில் சாத்தினார், தூக்கினதும் உள்ளேயிருந்த ஜன்னல் வெளிச்சம் அடைபட்டுக் கிடந்த மாதிரி மொத்தமும் ஹாலுக்குள் பாய்ந்தது, வாசலில் அவர் நிற்கிறார், தாடி வளர்ந்து, சட்டை தொளதொளவென்று, கழுத்தில் அந்தத் தழும்பு, என் முழங்கையைப் பார்க்கிறார், என் சேலையெல்லாம் பசை, மிக்கேலைப் பார்த்து, என்னப்பா, ஆளை இறக்காமயே கதவப் பூட்டிட்டுப் போயிட்ட, என்றார், மிக்கேல் ஒரு நொடி திகைத்தார், அந்தக் குரலை அவர் எதிர்பார்க்கவில்லை, அவர் முகத்தையே நான் உற்றுப் பார்க்கிறேன், முகம் சுளித்தால் அவ்வளவுதான், எல்லாம் போயிற்று, மிக்கேல், நீங்க விசில் குடுத்தாத்தானே அண்ணாச்சி நிறுத்த முடியும், என்று விழுந்து விழுந்து சிரித்தார், சாமி, அந்த மனுஷன் நல்லாயிருக்கணும், நழுவின டைல்ஸைப் பேத்து மறுபடி வைத்துக் கொடுத்தார், மறுநாள் ஆசாரி வந்து கதவின் அடிப்பக்கத்தை இழைக்க எவ்வளவு எடுக்கட்டும் என்று கேட்டதற்கு நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார், எடுக்கவே வேண்டாம்ப்பா, அது அங்கனயே சாஞ்சு கெடக்கட்டும், ஒரு திரைச்சீலை போதும், காத்து வரட்டும்.

ஆவுடை வந்தாள், வந்ததும் வராததுமாகச் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே சமையலறைக்குத்தான், அவள் வழக்கமே அதுதான், பானைத் தண்ணீரை மொண்டு குடித்தால்தான் அவளுக்கு ஊருக்கு வந்த மாதிரி, எம்மா, அப்பா எங்க, இன்னும் கதவச் சாத்திக்கிட்டுத்தான் இருக்காகளா, என்று தாழ்ந்த குரலில் கேட்கிறாள், முறத்தில் பருப்பு, நான் கல் பொறுக்கிக்கொண்டே இருக்கிறேன், செம்பைக் கையில் பிடித்துக்கொண்டு, தன் கால் தனக்கே தெரியாத வயிற்றோடு அவள் ஹாலுக்குத் திரும்புகிறாள், சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவே அந்த ஒரு விரல் உயரம், எங்களுக்கே இன்னும் பழகாத படி, தினமும் யாராவது தட்டிக்கொள்வோம், நான், ஏய், என்று வாயெடுப்பதற்குள் அந்த அறையிலிருந்து, பாத்து, பாத்து, படி இருக்கு, கால ஒசத்தி வையி, என்று கரகரவென்று ஒரு அதட்டல், திரைச்சீலையைத் தள்ளிக்கொண்டு அவர் வந்துவிட்டார், ஆவுடை தூக்கின காலைத் தூக்கினபடியே நிற்கிறாள், செம்பிலிருந்து தண்ணீர் சிந்துகிறது, ஆபரேஷனுக்கு அப்புறம் அவள் அந்தக் குரலைக் கேட்டதே இல்லை, அப்பா, என்கிறாள், அவர் முகம் ஒரு கணம் சுருங்குகிறது, என் கை முறத்தில் அப்படியே நிற்கிறது, அப்பா, இன்னொரு தடவை சொல்லுங்கப்பா, என்கிறாள், என் மகள்தான், சந்தேகமே இல்லை, ஜன்னல் வெயில் அவர் முதுகுக்குப் பின்னால் முழு வாசலுக்கும் விழுந்து புதுத் தரையில் அவள் காலடிவரை நீண்டு கிடக்கிறது, அதன் நடுவே அந்த இரண்டு நிழல், மறைந்து நிற்காமல், நகர்ந்து நகர்ந்து அவளுக்குப் பக்கத்தில் வந்துகொண்டே இருக்கிறது, நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், அவர் கையை நீட்டுகிறார், இந்தா, பிடிச்சுக்கோ, ஏறு, ஏறிட்டியா, ரைட்.